படுவான்கரைப் புல்லும் பட்டி மாடும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே, கடலுக்கும் வாவி நீருக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணற்கரை எழுவான்கரை எனவும், மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து உட்செல்லும் நிலம் படுவான்கரை எனவும் வழங்குகின்றன. படுவான்கரையின் நடுவிடமாகிய கொக்கட்டிச்சோலை, பட்டிப்பளை என்ற பழகிய பெயரால் அறியப்படும் மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலாளர் பிரிவின் நிருவாக மையமாகவும் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தின் ஊராகவும் இருப்பதோடு, நெல்லும் மாடும் ஒரே நிலத்தை ஆண்டின் வெவ்வேறு காலங்களில் பகிர்ந்துகொள்ளும் பழையதோர் ஏற்பாட்டின் நடுவிலும் இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் நெல்லைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். குளங்களின் கொள்ளளவு, வாய்க்கால்களின் நீளம், விதையினங்களின் விளைச்சல் என அனைத்துக்கும் கணக்குண்டு. மாடு உண்ணும் புல்லோ, தானாக முளைப்பது என்ற காரணத்தாலேயே கணக்குக்கு வெளியே நின்றுவிட்டது. தானாக முளைக்கும் புல்லுக்கும் ஓர் உடலமைப்பும், ஒரு பருவ ஒழுங்கும், தாங்கக்கூடிய சுமைக்கு ஓர் எல்லையும் உண்டு; அவற்றை அறியாமல் படுவான்கரையின் மேய்ச்சல் சிக்கலைத் தீர்க்க முடியாது.

மேய்ச்சற் புற்களை அறிவியலார் இரு பெரும் வகுப்புகளாகப் பிரிப்பர். ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் பசும்புல்வெளிகளாகத் தோன்றும் ரைப்புல் முதலியவை 20 முதல் 25 பாகை செல்சியசு வெப்பத்தில் நன்கு வளர்ந்து கடுங்கோடையில் தளர்ந்துவிடும் குளிர்காலப் புற்கள். வெப்பநிலை 30 பாகையைத் தாண்டும்போதே முழு வேகம் பெறுபவை வெப்பகாலப் புற்கள். இவற்றுள் ஒவ்வோர் ஆண்டும் விதையிலிருந்து புதிதாக எழாமல், மண்ணுக்குள்ளும் மண்ணோடு ஒட்டியும் இருக்கும் அடித்தண்டிலிருந்து ஆண்டுதோறும் துளிர்த்து நெடுங்காலம் வாழ்பவற்றைப் பல்லாண்டுப் புற்கள் என்பர். படுவான்கரையில் மாடு மேயும் புற்களிற் பெரும்பாலானவை இவ்விரு இயல்புகளையும் ஒருங்கே உடையவை. வரம்புகளிலும் முற்றங்களிலும் படரும் அறுகு, குளங்களின் ஓரத்தில் நிலத்தடித் தண்டால் பரவும் இஞ்சிப்புல், மிதிபட்ட வெட்டைகளில் தரையோடு ஒட்டி வாழ்ந்து நடப்பவர் உடையில் விதையை ஏற்றிவிடும் ஒட்டுப்புல், காடழித்துத் தீயிட்ட இடங்களைக் கைப்பற்றும் இலுக்கு, தெருவோரத்திலும் மரநிழலிலும் ஆளுயரம் எழும் கினிப்புல் என இவற்றின் வரிசை நீளும். கினிப்புல் ஆபிரிக்காவிலிருந்து பிரித்தானியர் காலத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நட்டவர் எவருமின்றித் தானே பரவி நிற்பது.

கொக்கட்டிச்சோலை ஆலயத்தின் கல்நந்தி, போர்த்துக்கேயர் அதிகாரத்தின் முன் எழுந்து புல் உண்டதாக அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லிவருவர். அந்த நம்பிக்கையை ஆராய்வது இந்நூலின் வேலையன்று. ஆயினும் ஒரு தேசத்தின் மக்கள் தங்கள் தெய்வத்தின் ஆற்றலுக்குச் சான்றாகப் புல் உண்ணும் மாட்டைத் தேர்ந்துகொண்டார்கள் என்பது, அத்தேசத்தின் வாழ்வில் புல் பெற்றிருந்த இடத்தைக் காட்டப் போதுமானது. பிள்ளையாருக்குச் சாத்தப்படும் அறுகை வழிபாட்டுக்குரிய சிறுபுல்லாக மட்டும் அறிந்தவர்க்கு, அதே இனம்தான் ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இறைச்சி மாடு வளர்ப்பின் அடித்தளங்களுள் ஒன்று என்ற செய்தி வியப்பளிக்கலாம். ஜோர்ஜியா மாநிலத்தின் டிப்டன் நகரில் ஆய்வு நடத்திய கிளென் பேர்ட்டன், உள்ளூர் அறுகையும் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த அறுகையும் கலந்து உருவாக்கிய ‘கோஸ்டல்’ என்னும் கலப்பினத்தை 1943 இல் வெளியிட்டார். உயரமாக வளர்ந்து, வரட்சியைத் தாங்கி, பருத்தி விளைந்து களைத்துப்போன மணல்மண்ணிலும் வேரூன்றிய அப்புல் பல இலட்சம் ஹெக்டேயரில் பரவி, அங்கே மாடு வளர்ப்பின் போக்கையே மாற்றியது.

வெப்பகாலப் புற்களின் வலிமை எங்கிருந்து வருகிறது என்பதை அறிய இலைக்குள் நோக்க வேண்டும். தாவரங்கள் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து வெல்லமாக்கும் வேலையை ருபிஸ்கோ என்னும் நொதியம் செய்கிறது. இந்நொதியத்துக்கு ஒரு குறையுண்டு: காபனீரொட்சைட்டைப் பிடிக்க வேண்டிய இடத்தில் சிலவேளை ஒட்சிசனைப் பிடித்துவிடும், அவ்வாறு நேரும்போது தாவரம் முன்னரே சேர்த்த காபனின் ஒரு பகுதியையும் ஆற்றலையும் இழக்க நேரிடும். ஒளிச்சுவாசம் எனப்படும் இவ்விழப்பு வெப்பம் ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். நெல், கோதுமை முதலியவற்றில் முதலில் உருவாகும் விளைபொருள் மூன்று காபன் அணுக்களைக் கொண்டது ஆதலால் அவை முக்காபன் தாவரங்கள் எனப்படும். அவை இவ்விழப்பைத் தவிர்க்க வழியின்றிச் சுமக்கின்றன. வெப்பகாலப் புற்களோ இலையின் வேலையை இரண்டு வகைக் கலங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. வெளிப்புறத்தில் உள்ள இலைநடுவிழையக் கலங்களில், ஒட்சிசனால் ஏமாறாத வேறொரு நொதியம் காபனீரொட்சைட்டைப் பிடித்து நான்கு காபன் கொண்ட அமிலமாக்குகிறது; அவ்வமிலம், நரம்புகளைச் சூழ்ந்து வளையமாக அமைந்த கட்டுமடல் கலங்களுக்குச் சென்று, அங்கே காபனீரொட்சைட்டை மீண்டும் வெளிவிடுகிறது. இவ்வாறு ருபிஸ்கோவைச் சுற்றிக் காபனீரொட்சைட்டு செறிந்துவிடுவதால் ஒட்சிசனுக்கு இடமில்லாமற் போகிறது. இவற்றை நாற்காபன் தாவரங்கள் என்பர்.

கரும்பும் சோளமும் காட்டிய இவ்விந்தையான நடத்தையின் சில துண்டுகளை ஹவாயில் ஹியூகோ கோர்ட்சாக்கும் சோவியத் ஒன்றியத்தில் யூரி கார்ப்பிலோவும் தனித்தனியே கண்டிருந்தனர். அந்தத் துண்டுகளை ஒரு முழுமையான பாதையாகக் கோத்து 1966 இல் வெளியிட்டவர்கள் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கரும்பை ஆராய்ந்த ஹால் ஹட்ச்சும் ரொஜர் ஸ்லாக்கும் ஆவர். உலகின் பூக்கும் தாவர இனங்களில் நூற்றுக்கு மூன்று அளவே நாற்காபன் வகையாயினும், நிலத்தில் நிகழும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழக் காற்பங்கு அவற்றால் நடைபெறுகிறது. ஒரு கிலோ உலர்பொருளை உருவாக்க முக்காபன் பயிருக்குத் தேவையாகும் நீரில் ஏறத்தாழப் பாதியே இவற்றுக்குப் போதும். படுவான்கரையின் வட்டைகளில், அதாவது வயற்பரப்புகளில், முக்காபன் தாவரமாகிய நெல்லும் நாற்காபன் தாவரமாகிய வரம்பு அறுகும் ஒரே வெயிலின்கீழ் ஒரு முழ இடைவெளியில் நிற்கின்றன. நீர் வற்றத் தொடங்கும்போது எது முதலில் வாடும் என்பதை விவசாயி ஆய்வுகூடம் செல்லாமலே அறிவார்.

இத்திறமைக்குப் புல் கொடுக்கும் விலையை மாடு செலுத்துகிறது என்பதே இவ்விடயத்தின் முடிச்சு. முக்காபன் இலையில் கரையும் புரதத்தில் பாதிவரை ருபிஸ்கோவாகவே இருக்கலாம். அந்நொதியம் முழுத்திறனுடன் இயங்கும் சூழலை அமைத்துக்கொண்ட நாற்காபன் இலைக்கு அவ்வளவு ருபிஸ்கோ தேவையில்லை. ஆகவே அது குறைந்த நைதரசனைக் கொண்டு அதிக இலையை உருவாக்கிவிடுகிறது. புரதத்தின் அளவு நைதரசனின் அளவைப் பொறுத்தது. நைதரசனில் சிக்கனம் காட்டும் இலை மேயும் விலங்குக்குப் புரதம் குறைந்த இலையாகும். அதேபோல், காபனீரொட்சைட்டு கசிந்து வெளியேறாதபடி தடித்த சுவருடன் அமைந்த கட்டுமடல் கலங்கள் நுண்ணுயிர்களுக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. மாட்டின் வயிற்றில் அவை நெடுநேரம் சிதையாமல் கிடக்கும். ஒரே வளர்ச்சிப் பருவத்தில் ஒப்பிட்டால், வெப்பகாலப் புற்களின் செரிமான வீதம் குளிர்காலப் புற்களினதைவிடச் சராசரியாகப் பத்து வீதப் புள்ளிகளுக்கு மேல் குறைந்திருப்பதை அவுஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின. வெப்பம் தரும் விரைவு முதுமையையும் விரைவாகவே கொண்டுவருகிறது. துளிர்த்து நான்கு வாரத்தில் மென்மையாக இருந்த புல், பத்தாம் வாரத்தில் தண்டும் பூங்கதிருமாய்க் கடினப்பட்டுவிடும்.

மாடு உண்ணும் புல்லை முதலில் உண்பவை அதன் ருமென் எனப்படும் பெருவயிற்றில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களே. நார்ப்பொருளைச் சிதைத்து மாட்டுக்கு ஆற்றல் தரும் அவை பெருகுவதற்கு நைதரசன் வேண்டும். புல்லின் உலர்நிறையில் புரதம் ஏறத்தாழ 7 வீதத்துக்குக் கீழே இறங்கினால், நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கின்றன. நார் சிதையாமல் தேங்குகிறது. வயிறு நிறைந்திருப்பதால் மாடு மேயவும் மறுக்கிறது. குவீன்ஸ்லாந்தில் மில்போர்ட், மின்சன் என்னும் ஆய்வாளர்கள் 1960களில் வெப்பகாலப் புற்களில் இந்த எல்லையைத் தெளிவுபடுத்தினர். கச்சான் எனப்படும் வரண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மார்பளவு காய்ந்த புல்லுக்கு நடுவில் நின்றபடியே மாடு எலும்பாகத் தேய்வதன் காரணம் இதுதான். புல் இருக்கிறதே, மாடு ஏன் மெலிகிறது என்று கேட்பவர்கள் புல்லின் அளவைப் பார்க்கிறார்களே தவிர அதன் வயதைப் பார்ப்பதில்லை.

மட்டக்களப்பின் பருவ ஒழுங்கு இந்த ஏற்றத்தாழ்வை மேலும் கூர்மையாக்குகிறது. ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றரையொட்டிப் பெய்யும் மழையின் பெரும்பகுதி, ஒக்ரோபர் முதல் சனவரி வரையான மாரியில், வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்த்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, நடுமலைநாட்டின் மேற்குச் சரிவில் ஈரத்தைப் பொழிந்துவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுக்கத்தால் சூடேறி, வரண்ட கச்சானாகப் படுவான்கரையை அடைகிறது. ஆகவே புல்லின் வளர்ச்சி முழுவதும் நான்கைந்து மாதங்களுக்குள் நிகழ்ந்து முடிந்து, மாசி பங்குனிக்குள் முதிர்ந்து, பின்பு சித்திரையை ஒட்டிய சில மழைகளில் சற்றே துளிர்த்து, எஞ்சிய காலமெல்லாம் காய்ந்த சருகாக நிற்கிறது. நிற்கிறது என்றாலும் சாவதில்லை. கினிப்புல்லின் தூரடியிலும், அறுகின் ஓடுதண்டிலும், இஞ்சிப்புல்லின் நிலத்தடித் தண்டிலும் மாச்சத்து சேமிக்கப்பட்டிருக்கிறது. முதல் மழைக்கு எழும் துளிர், தன் இலை விரிந்து வெயிலை வாங்கும்வரை அந்தச் சேமிப்பைத்தான் செலவிடுகிறது.

மேய்ச்சல் முகாமைத்துவம் என்று நூல்கள் விரித்துரைப்பவற்றின் சாரம் இந்தச் சேமிப்பைக் காப்பதே. புல்லை ஒருமுறை மேய்வதால் அது கெடுவதில்லை. மேய்ந்தபின் எழும் துளிரை, அது தன் சேமிப்பை மீள நிரப்புமுன், மீண்டும் மேய்வதால்தான் கெடுகிறது. விதைநெல்லை அவித்து உண்ணும் வீட்டுக்கு அடுத்த போகம் எவ்வாறோ, அவ்வாறே அத்தகைய தரைக்கு அடுத்த மாரி. மேய்ந்தபின் நான்கு முதல் ஆறு வாரம் ஓய்வு கிடைத்தால் பெரும்பாலான வெப்பகாலப் புற்கள் மீண்டுவிடும். அறுகும் ஒட்டுப்புல்லும் தம் வளர்முனைகளை மண்ணோடு ஒட்டி வைத்திருப்பதால் இரண்டு, மூன்று விரல் உயரம் வரை கடித்தாலும் தாங்கும். தூராக நிமிர்ந்து வளரும் கினிப்புல்லுக்கு ஒரு சாண் அடித்தண்டாவது விடப்பட வேண்டும். ஓய்வில்லாத தரையில் மாடு விரும்பும் உயர்ந்த புல் முதலில் மறைந்து, பின்பு நடுத்தரப் புல் மறைந்து, ஈற்றில் ஒட்டுப்புல்லும் முட்செடியுமே எஞ்சும். கச்சான் காலத்தில் இலுக்கம் வெட்டைகளுக்குத் தீயிட்டு எழும் இளந்துளிரில் மாடு விடும் பழக்கமும் இக்கணக்கில் அடங்கும். அத்துளிர் சில வாரங்களுக்குப் புரதம் மிக்கதாயினும், மழையற்ற காலத்தில் சேமிப்பைச் சுரண்டி எழுந்ததாகையால், ஆண்டுதோறும் தீயிடப்படும் நிலத்தில் தீயைத் தாங்கும் இலுக்கே மேலும் செழிக்கிறது.

இனி மாட்டின் ஆண்டைப் பார்க்கலாம். பெரும்போகம் தொடங்குமுன் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்களில், விதைப்புத் திகதி, நீர் திறக்கும் திகதி ஆகியவற்றோடு, வட்டைகளிலிருந்து கால்நடைகளை அப்புறப்படுத்த வேண்டிய திகதியும் தீர்மானிக்கப்படும். அத்திகதிக்குள் பட்டிக்காரர்கள் தம் மாடுகளை மேற்கே, காட்டோரத்து மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துச் செல்வர். அங்கே பட்டி அடைத்து, வாடி கட்டித் தங்கி, பாலைக் கறந்து அனுப்புவர். உரிமையாளரின் குறி சுடப்பட்ட பல குடும்பத்து மாடுகள் ஒரே பட்டியில் கலந்து நிற்கும். அறுவடை முடிந்தபின் மாடுகள் வட்டைகளுக்குத் திரும்பி, அரிதாளை மேய்ந்து, நிலத்துக்கு எருவிட்டு, உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் நீர் சிறுபோகத்துக்குப் பாயாத மானாவாரி வயல்களில் புரட்டாதி வரை தங்கும்.

இதைப் பழைமையான, ஒழுங்கற்ற வளர்ப்பு முறை என்று கூறும் அலுவலகப் பார்வை தவறானது. இது நிலத்துக்கு ஓய்வளிக்கும் முறை. மேற்குத் தரைகள் ஆண்டில் ஏழெட்டு மாதம் மாடின்றி இருப்பதால்தான் இத்தனை தலைமுறை தாக்குப்பிடித்தன. எனினும் அதன் பலவீனத்தையும் மறைக்கலாகாது. ஓய்வு கிடைப்பது புல் வளரமுடியாத வரட்சியில். சுமை விழுவது புல் துளிர்த்து வளரும் மாரியில். அறிவியல் வேண்டுவதோ மாரியின் நடுவிலேயே ஓய்வு. நிலம் பரந்து கிடந்தபோது அந்த ஓய்வு தானாகவே கிடைத்தது. பட்டி ஓரிடத்தில் சிலவாரம் நின்று, மிதிபட்டுச் சேறானதும் வேறிடத்துக்குப் பெயரும். விட்டுச்சென்ற இடம் மீளத் துளிர்க்கும். நிலம் சுருங்கியபோது பட்டி பெயர இடமில்லை. தரையின் பரப்பு பாதியானால் புல்லும் பாதியாகும் என்பதோடு இழப்பு நிற்பதில்லை. ஓய்வும் போய்விடுவதால் எஞ்சிய பாதியும் ஆண்டுக்காண்டு மெலிகிறது.

இதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 200 கிலோ நிறையுள்ள உள்ளூர் மாடு நாளொன்றுக்குத் தன் நிறையில் 2.5 வீதம், அதாவது 5 கிலோ உலர்புல் உண்ணும் எனவும், பட்டியில் 150 மாடுகள் உள்ளன எனவும் கொண்டால், ஒருநாள் தேவை 750 கிலோ; மாரியின் 120 நாளுக்கு 90 தொன். ஒரு ஹெக்டேயர் இயற்கைத் தரை அக்காலத்தில் 3 தொன் உலர்புல் தருவதாகவும், சேமிப்பு அழியாதிருக்க அதிற் பாதியையே மேயலாம் என்றும் வைத்துக்கொண்டால், அப்பட்டிக்கு 60 ஹெக்டேயர் வேண்டும். அவ்விடத்தில் 30 ஹெக்டேயர் மட்டுமே கிடைத்தால், மாடுகள் விடவேண்டிய பாதியையும் சேர்த்து உண்ணும். முதலாண்டில் மாட்டில் எந்த மாற்றமும் தெரியாது. மூன்றாம், நான்காம் ஆண்டில் அதே நிலம் 3 தொன்னுக்குப் பதில் அதிற் பாதிகூடத் தராதபோதுதான் கேடு வெளிப்படும், அப்போது பலரும் மழையைக் குறைகூறுவர்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் மேய்ச்சல் தரைகள் சுருங்கிய வரலாறு நீண்டது. 1949 இல் தொடங்கிய கல்லோயா, அதாவது பட்டிப்பளை ஆற்றுத் திட்டமும், 1970களின் இறுதியில் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் வரண்ட புல்வெளிகளையும் காடுகளையும் நெல்வயலாக்கின. போர்க்காலத்தில் மேற்குத் தரைகளை அணுகமுடியாது போயிற்று. 2007 இல் படுவான்கரை மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது பட்டிகள் மேய்ப்பாரின்றிச் சிதறின. மாவட்டத்தின் வடமேற்கே, மகாவலி ‘பி’ வலயத்துக்குள் அடங்கும் மயிலத்தமடு, மாதவனை ஆகிய பெருந்தரைகளில் அயல் மாவட்டங்களிலிருந்து வந்தோர் பயிர்ச்செய்கையில் இறங்கியதை எதிர்த்து, கால்நடைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டம் நாடறிந்தது. அங்கு எழும் உரிமைக் கேள்விகள் சட்டத்துக்கும் அரசியலுக்கும் உரியவை. ஆயினும் புல்லின் இயல்பை அறிந்தவர்க்கு ஒன்று தெளிவு. ஒரு பெருந்தரை மூடப்பட்டால் அங்கிருந்த பட்டிகள் எஞ்சிய சிறுதரைகளுக்கே நகரும். எனவே மயிலத்தமடுவில் உழப்படும் நிலத்தின் விளைவு அதற்கு வெகுதொலைவிலுள்ள தரைகளின் தூரடிகளிலும் தெரியும்.

2022 டிசம்பரில் மண்டௌஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாளில் மாண்டன. குளிரால் ஏற்பட்ட அதிர்ச்சியே காரணம் எனக் கால்நடை வைத்தியர்கள் கூறினர். அத்தகைய குளிர் இலங்கையின் சமவெளிக்குப் புதிது என்பது உண்மை. ஆனால் மாரித் தொடக்கத்து மாடு, நீண்ட வரட்சியில் கொழுப்பு கரைந்து, புதுத்துளிரால் இன்னும் தேறாத நிலையில், நனைந்தபடி திறந்தவெளியில் நிற்கும் மாடு. ருமெனில் நார் சிதையும்போது எழும் வெப்பமே குளிர்காலத்தில் அதன் உள்ளடுப்பு. வயிற்றில் தக்க இரை இல்லாதபோது அதுவும் தணிந்திருக்கும். மெலிந்த மாட்டுக்குக் குளிரைத் தாங்கும் வலு குறைவு என்பதால், மேய்ச்சல் தரையின் நிலை இத்தகைய இழப்புகளின் அளவோடும் தொடர்புடையது.

வெப்பநாட்டுப் புல்லையும் வெப்பநாட்டு மாட்டையும் இணைத்து உலகளாவிய இறைச்சி வாணிபத்தையே கட்டியெழுப்பிய நாடு பிரேசில். ஆந்திரக் கரையிலுள்ள நெல்லூர்ப் பகுதியிலிருந்து சென்ற ஓங்கோல் மாடுகளின் வழித்தோன்றல்களாகிய நெலோர் இனம் அங்கு இறைச்சி மாடுகளின் பெரும்பகுதியாக உள்ளது. அவை மேய்வது ஆபிரிக்காவிலிருந்து வந்த பிரக்கியாரியாப் புல். அந்நாட்டு வேளாண் ஆய்வு நிறுவனமாகிய எம்பிராப்பா 1984 இல் வெளியிட்ட ‘மராண்டு’ என்னும் வகை, செராடோ எனப்படும் அமிலமண் சமவெளிகளில் கடலென விரிந்தது. திமிலுள்ள மாட்டினங்கள், தோலின் பரப்பாலும் வியர்வைச் சுரப்பாலும் வெப்பத்தைத் தாங்குவதோடு, குருதியிலுள்ள யூரியாவை உமிழ்நீர் வழியே மீண்டும் ருமெனுக்கு அனுப்பி, புரதம் குறைந்த புல்லிலும் நுண்ணுயிர்களை ஓரளவு வாழவைக்கின்றன. படுவான்கரையின் சிறிய உடலுடைய நாட்டு மாட்டுக்கும் இத்திறன் உண்டு. அதைப் பாற்குறைவு என்ற ஒரே அளவுகோலால் மதிப்பிட்டு, குளிர்நாட்டு இனங்களோடு அளவின்றிக் கலப்பது, மேய்ச்சல் வளர்ப்பைப் பொறுத்தவரை நட்டத்துக்கு வழி.

ஆயினும் பிரேசிலின் பாதையை அப்படியே கைக்கொள்ள இங்கு நிலமில்லை. இயற்கைச் சமவெளிகளைப் பெருமளவில் அழித்தே அந்நாடு அப்புல்வெளிகளைப் பெற்றது என்பதையும் மறக்கலாகாது. படுவான்கரைக்குப் பொருந்துவது அளவில் சிறியது. நீர்தேங்கும் தாழ்நிலங்களில் பரா புல்லையும், வடிகால் உள்ள மேட்டில் கினிப்புல்லையும் பிரக்கியாரியாவையும் வேலியிட்டுப் பேணலாம். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 என்னும் கலப்பு நேப்பியர் இலங்கையிலும் பரவியுள்ளது. ஆனால் அது வெட்டி எடுத்துச்சென்று தொழுவத்தில் போடுவதற்குரியது, மேய்ச்சலுக்கன்று. எட்டுப் பத்துக் கறவைமாடு வைத்திருப்பவருக்கு உதவும் அப்புல்லை, நூற்றைம்பது மாட்டுப் பட்டிக்கு மாற்றாகக் காட்டி மேய்ச்சல் தரை தேவையில்லை என்று வாதிடுவது பொருந்தாது. அறுவடைக்குப் பின் வயலில் எரிக்கப்படும் வைக்கோலும் ஓர் இரைதான். அதன் புரதம் 4 வீதத்தையே ஒட்டியது எனினும், 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் முழுதாகக் கரைத்து 100 கிலோ வைக்கோலில் தெளித்து, காற்றுப்புகாமல் ஒரு வாரத்துக்கு மேல் மூடிவைத்தால், நார் இளகி நைதரசன் ஏறும். இலங்கையில் 1980களிலேயே ஆராயப்பட்ட இம்முறையைவிட எளியது, வேலிக்கு நட்ட கிளிரிசிடியாவின் இலையைக் கச்சான் மாதங்களில் நாளொன்றுக்குச் சில கிலோ கொடுப்பது. 20 வீதத்துக்கு மேல் புரதமுள்ள அவ்விலை ருமெனின் நுண்ணுயிர்களை மீண்டும் எழுப்பிவிடும்.

இறைச்சிக்கெனத் தனி மாட்டினம் இலங்கையில் வளர்க்கப்படுவதில்லை. பட்டியின் முதன்மை வருவாய் பாலும் தயிருமே. உழவுக்கு இயந்திரம் வந்தபின் வேலையிழந்த எருதும் கழிக்கப்பட்ட பசுவும் இறைச்சிக்குச் செல்கின்றன. தமிழரின் பட்டிகளும் முஸ்லிம்களின் பட்டிகளும் அயலயலே மேய்வதும், காத்தான்குடி, ஏறாவூர் போன்ற ஊர்களின் சந்தை படுவான்கரை மாட்டை நாடிவருவதும் இவ்வட்டாரத்தின் நெடுங்கால வழக்கம். மாட்டின் விற்பனை, குறியிடல், அறுப்பு ஆகியன 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின்கீழ் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை 2020 செப்டெம்பரில் கொள்கையளவில் இணங்கியது. அறநோக்கில் அதை எவ்வாறு மதிப்பிட்டாலும், தரையின் நோக்கில் அதற்குத் தெளிவான விளைவொன்று உண்டு: பட்டியைவிட்டு வெளியேறாத ஒவ்வொரு காளையும், கன்றீன்ற பசு உண்ணவேண்டிய புல்லின் பங்கை ஆண்டு முழுவதும் உண்டுகொண்டிருக்கும்.

ஆகவே எதை விற்பது என்பதைவிட எப்போது விற்பது என்பது தரையின் நலனுக்கு முக்கியமாகிறது. மாரிப்புல்லும் அதன்பின் அரிதாளும் உண்ட மாடு பங்குனியில் ஆண்டின் உச்ச நிறையில் நிற்கும்; அதை அப்போது விற்காமல் கச்சானைக் கடக்கவைத்தால், ஏறிய நிறையில் ஒரு பகுதியை இழந்து, அதற்கிடையில் ஐந்தாறு மாதப் புல்லையும் தின்றிருக்கும். எனினும் விலை உச்சம் பெறுவது ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டியே ஆதலால், பட்டிக்காரர் அதற்காகக் காத்திருப்பது இயல்பு. சந்திர ஆண்டின்படி அப்பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி நகர்கிறது. செப்டெம்பரிலும் ஓகஸ்ட்டிலும் அது வந்த ஆண்டுகளில் மாடு கச்சானின் கடுமையைச் சுமந்தபடி சந்தைக்குச் சென்றது. 2025 இல் அது சூன் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. 2030களின் முற்பகுதியில் மார்ச்சு மாதத்தில் வரும். அடுத்த சில ஆண்டுகளில் மாட்டின் நிறையும் சந்தையின் விலையும் ஒரே பருவத்தில் கூடப்போகின்றன. காளைகளைக் கச்சானுக்கு முன்னரே விற்று, எஞ்சிய சினைப்பசுக்களுக்குக் குளத்தோரத்து இஞ்சிப்புல்லை ஒதுக்கி, மாரிக்குச் செல்லும் தரையை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்து முறைவைத்து மேய்ப்பதற்குப் பட்டிக்காரர் சங்கங்களும் பிரதேச செயலகங்களும் இப்போதே உடன்படலாம். அதற்குத் தேவையான முதற்பொருள், எல்லைக்கல் நாட்டி வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட மேய்ச்சல் தரை.